கலீனா, இல்லினாய்: கிராண்ட் வீட்டைக் கடைசியில் பாருங்கள்

கலீனாவுக்கு வருகிறவர்களில் பலர் யூ.எஸ். 20 நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழைந்ததும் நேரே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வழிநடத்திப் பிறகு ஜனாதிபதியான யுலிசிஸ் எஸ். கிராண்டின் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அரை மணி நேரம் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெயின் தெருவில் ஒரு நடை நடந்து, கடைகளில் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் "அழகான பழைய ஊர்" என்ற எண்ணம் மட்டும்தான் மிஞ்சும். 2020 கணக்கெடுப்பில் 3,308 பேர் மட்டுமே இருந்த இந்த ஊர் ஒரு காலத்தில் சிகாகோவோடு போட்டி போட்டது எப்படி, உள்நாட்டுப் போருக்கு ஒன்பது ஜெனரல்களை அனுப்பியது எப்படி, 1850களின் செங்கல் கட்டடங்கள் தெரு தெருவாக இன்னும் நிற்பது எதனால் என்ற கேள்விகளுக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. பதில்கள் ஊரின் நடுவே ஓடும் கலீனா ஆற்றின் மறுகரையில் இருக்கின்றன. ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அந்த நாளை மேற்குக் கரையில் தொடங்குங்கள்.

இடத்தைப் பற்றி முதலில். இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஜோ டேவிஸ் கவுண்டியில், மிசிசிப்பி ஆற்றிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. சிகாகோவிலிருந்து சுமார் 165 மைல், காரில் மூன்று மணி நேரம். இப்போது பயணிகள் ரயில் கிடையாது. சிகாகோவுக்கும் அயோவா மாநிலத்தின் டபூக் நகருக்கும் இடையே ஓடிய ஆம்ட்ராக்கின் பிளாக் ஹாக் ரயில் 1981இல் நின்றுபோனது. ஆகவே கார் வேண்டும். ஆனால் ஊருக்குள் போனபின் காரைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது. மெயின் தெருவில் இடம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நேர வரம்புப் பலகை இருக்கும். கிழக்குக் கரையில் பழைய ரயில் நிலையத்தின் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் ஊரின் நடுவிலேயே வந்து நிற்கலாம். மாலையில் கிராண்ட் வீட்டைப் பார்க்கத் திரும்பும்போது வண்டியும் அதே கரையில் இருக்கும்.

பெஞ்ச் தெருவில் டேனியல் பாரோஸ் என்பவர் 1858இல் கட்டிய மாளிகைதான் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் நெடுங்கால அருங்காட்சியகம். முதலில் போக வேண்டியது அங்கேதான். சங்கம் புதிய கட்டடத்துக்கும் திட்டமிட்டு வந்திருப்பதால், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பாரோஸ் மாளிகையின் தனிச்சிறப்பு, அதன் அடியிலேயே 1830களின் ஈயச் சுரங்கக் குழி ஒன்று இருப்பது. வீடு கட்டுவதற்கு முன்பே தோண்டப்பட்ட குழி அது. மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். இந்த ஊர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

காட்சிக்கு வைத்திருக்கும் ஈயக் கனிமத்தை நிதானமாகப் பாருங்கள். அதன் பெயர் கலீனா, ஊருக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். வெள்ளி போல மின்னும் கரும்சாம்பல் நிறம், கூர்மையான முனைகள் கொண்ட கனசதுரங்கள். உடைத்தாலும் சின்னச் சின்னக் கனசதுரங்களாகத்தான் உடையும். ஆரஞ்சுப் பழ அளவுத் துண்டு ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். சுத்தமான கனிமத்தில் எடையின் 86 சதவீதத்துக்கு மேல் ஈயமே. மீதி கந்தகம். விறகு நெருப்பிலேயே உருக்கி எடுத்துவிடலாம் என்பதால்தான், பெரிய முதலீடு இல்லாத ஆட்கள்கூட ஒரு மண்வெட்டியும் வாளி இழுக்கும் கயிற்று ராட்டினமும் வைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள்.

கனிமம் தரைக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைத்ததற்குக் காரணம் இந்த நிலத்தின் அமைப்பு. மத்திய மேற்கின் பெரும்பகுதியைப் பனியாறுகள் வழித்துத் தட்டையாக்கிவிட்டன, மேலே மண்ணும் கல்லும் கொட்டி மூடிவிட்டன. இந்த மூலையை மட்டும் அவை தொடவில்லை. அதனால் குன்றும் பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கின்றன, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் ஈயமும் மேலாகவே கிடைத்தது. சிகாகோவிலிருந்து வயல் வயலாகத் தட்டையான நிலத்தைக் கடந்து வருகிறவர்களுக்கு, கடைசி முப்பது மைலில் சாலை திடீரென்று ஏறி இறங்கத் தொடங்கும். அதற்கும் காரணம் இதுதான்.

வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மெஸ்க்வாக்கி, சாக், ஹோ-சங்க் மக்கள் இங்கே ஈயம் எடுத்தார்கள். தோண்டுவதிலும் உருக்குவதிலும் பெண்களின் உழைப்பே பெரும்பங்கு. 1788இல் ஜூலியன் டபூக் என்பவர் மிசிசிப்பியின் அக்கரையில் சுரங்கம் நடத்தியதும் மெஸ்க்வாக்கிகள் கொடுத்த அனுமதியின் பேரில்தான். 1820களில் அமெரிக்க அரசு சுரங்க நிலங்களைக் குத்தகைக்கு விட்டு, உருக்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை வாடகையாக எடுத்துக்கொண்டது. கென்டக்கியிலிருந்து வந்த ஜேம்ஸ் ஜான்சன் அடிமைகளையும் கூட்டிவந்து தோண்ட வைத்தார். அடிமை முறை இல்லாத மாநிலம் என்று எழுதிவைத்த இல்லினாயில், ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் அது நடந்தது. பூர்வகுடிப் பெண்களின் உழைப்பும் கறுப்பின மக்களின் உழைப்பும் இந்த ஊரின் அடித்தளம். சுற்றுலாப் பேச்சில் இந்த இரண்டுக்கும் கிடைக்கும் இடம் இன்னும் போதாது. ஊரின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான். வழிகாட்டி தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

1826இல் மனை பிரித்த ஊர், 1845இல் ஏறத்தாழ 5.4 கோடி பவுண்டு ஈயம், அதாவது 24,000 டன்னுக்கு மேல், ஏற்றி அனுப்பியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு வட்டாரத்திலிருந்து வந்தது. சுமார் 70 பவுண்டு எடையுள்ள பாளங்களாக வார்த்து, நீராவிப் படகில் ஏற்றி செயின்ட் லூயிஸ் வழியாக அனுப்பினார்கள். துப்பாக்கிக் குண்டு, பெயின்ட், குழாய், அச்செழுத்து என்று எல்லாவற்றுக்கும் ஈயம் வேண்டியிருந்த காலம்.

அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தால், இந்த ஓடையிலா அத்தனை நீராவிப் படகுகள் வந்தன என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தில்தான் ஊரின் மீதிக் கதை இருக்கிறது. ஈயம் உருக்க விறகு வேண்டும். சுற்றியிருந்த குன்றுகளின் மரங்களையெல்லாம் வெட்டினார்கள். மரம் போனதும் சரிவு மண் மழைக்குக் கரைந்து ஆற்றில் இறங்கியது. ஆறு தூர்ந்தது, படகுகள் வர முடியாமல் போனது. எந்தத் தொழிலால் துறைமுகம் வளர்ந்ததோ அந்தத் தொழிலே அதை மூடிவிட்டது. இதோடு மேலாகக் கிடைத்த கனிமம் குறைந்ததும், 1849இல் கலிஃபோர்னியத் தங்கம் சுரங்கத் தொழிலாளர்களை இழுத்ததும் சேர்ந்துகொண்டன. இல்லினாய் சென்ட்ரல் ரயில் 1854இல் கலீனாவுக்கு வந்தது. கடைசி நிலையம் இதுவாகவே இருக்கும் என்று ஊர் நம்பியிருந்தது. மறு ஆண்டே தண்டவாளம் மிசிசிப்பி கரையிலிருந்த டன்லீத் வரை நீண்டு, இன்று கிழக்கு டபூக் என்று அழைக்கப்படும் அந்த ஊருக்கு வியாபாரம் நகர்ந்தது.

பணம் போனதால்தான் கட்டடங்கள் மிஞ்சின. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. 1969இல் ஊரின் பெரும்பகுதி தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியபோது, நூறு வருடம் தூங்கிய ஒரு தெரு முழுசாகக் கிடைத்தது. மெயின் தெருவின் தென்முனையில் நிற்கும் பச்சை வெள்ளக் கதவுகளையும் பாருங்கள். தூர்ந்த ஆறு மழைக்காலத்தில் பொங்கி இந்தத் தெருவுக்குள் பலமுறை புகுந்திருக்கிறது. 1951இல் கரையையும் கதவையும் கட்டிய பிறகுதான் தெரு தப்பியது.

காமர்ஸ் தெருவிலிருக்கும் பழைய சந்தைக் கட்டடத்துக்கு (1845-46) கால் மணி நேரம் போதும். டயகனல் தெருவிலிருக்கும் டவ்லிங் வீடு 1826இல் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு. ஊரிலேயே மிகப் பழைய கல்வீடு, கடையும் வீடுமாக இருந்தது. குழந்தைகளுக்கு மாளிகைகளைவிட இது பிடிக்கும்.

தபால் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். கிரீன் தெருவில் இன்றும் தபால்தலை விற்கும் சாதாரண அலுவலகமாகத்தான் இருக்கிறது, அதனால் பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். 1857-59இல் மத்திய அரசு கட்டிய சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் இது. வேலையை மேற்பார்வையிட வந்த பொறியாளர் ஈலி பார்க்கர், செனகா இனத்தைச் சேர்ந்தவர். சட்டம் படித்தும், பூர்வகுடி மக்களுக்குக் குடியுரிமை இல்லாததால் வழக்கறிஞராகப் பதிய விடாமல் தடுக்கப்பட்டவர், பொறியியலுக்கு மாறினார். படகுத் தொழிலாளர்களுக்கான கடல்சார் மருத்துவமனையையும் இதே ஊரில் அவர்தான் கட்டி முடித்தார். இங்கே கிராண்டோடு ஏற்பட்ட பழக்கம் போரில் அவரை கிராண்டின் ராணுவச் செயலாளராக்கியது. 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் தென்மாநிலப் படைத் தளபதி லீ சரணடைந்த நிபந்தனைகளின் இறுதிப் பிரதி பார்க்கரின் கையெழுத்தில் இருக்கிறது. 1869இல் பூர்வகுடி மக்களுக்கான "இந்தியர் விவகார" ஆணையராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடியும் அவரே. கலீனா தொடர்பான மனிதர்களில் கிராண்டுக்கு அடுத்து யார் என்று கேட்டால், தயங்காமல் இவரைத்தான் சொல்வேன்.

தபால் நிலையத்துக்குப் பக்கத்து மூலையில் டி சோட்டோ ஹவுஸ் ஹோட்டல். 1855இல் 225 அறைகளோடு திறந்தார்கள். ஐந்து மாடியாக இருந்ததில் மேல் இரண்டு மாடியை 1880இல் எடுத்துவிட்டார்கள், கூட்டம் இல்லாததால். 1856 ஜூலை 23 அன்று ஆபிரகாம் லிங்கன் இதன் மாடத்திலிருந்து பேசினார், 1868 தேர்தலில் கிராண்டின் பிரசார அலுவலகமும் இங்கேதான். தங்காவிட்டாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அங்கிருந்து படிக்கட்டில் மேலே ஏறுங்கள். கலீனாவின் தெருக்கள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக மெயின், பெஞ்ச், பிராஸ்பெக்ட், ஹை என்று போகின்றன. இடையிடையே நீண்ட கல், சிமெண்ட் படிக்கட்டுகள். முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தை வண்டி வைத்திருப்பவர்களும் பெஞ்ச் தெருவோடு நிறுத்திக்கொண்டு, மேல் தெருக்களுக்குக் காரில் போகலாம். மழை பெய்த மறுநாளும் பனிக்காலத்திலும் படிகள் வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஏறச் சொல்வதற்குக் காரணம் ஹை தெருவில் இருக்கும் ஒரு சின்னச் செங்கல் வீடு. கிராண்ட் 1860 வசந்தத்தில் மனைவி ஜூலியாவோடும் நான்கு குழந்தைகளோடும் வாடகைக்கு வந்தது இதற்குத்தான். உள்ளே போக முடியாது, தெருவில் நின்று பார்க்கலாம். அப்போது அவருக்கு 38 வயது. ராணுவத்தை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. செயின்ட் லூயிஸ் பக்கம் விவசாயம் செய்தார், எடுபடவில்லை. மனை வியாபாரமும் எடுபடவில்லை. அப்பாவின் தோல் கடையில் தம்பிகளோடு சேர்ந்து வேலை பார்க்க, வருடத்துக்கு 600 டாலர் சம்பளத்தில் வந்திருந்தார். தினமும் இந்தப் படிகளில் இறங்கிக் கடைக்குப் போனார், இந்தப் படிகளில் ஏறி வீட்டுக்கு வந்தார். பெஞ்ச் தெருவிலிருக்கும் மெதடிஸ்ட் தேவாலயத்தில் அவர் குடும்பம் உட்கார்ந்த இருக்கையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நவம்பரில் லிங்கன் வென்ற தேர்தலில் கிராண்டுக்கு இங்கே ஓட்டுகூட இல்லை, ஊரில் குடியிருந்த காலம் போதவில்லை.

பன்னிரண்டு மாதத்தில் எல்லாம் மாறியது. 1861 ஏப்ரலில் போர் தொடங்கியதும் ஊர்க்கூட்டம் கூடியது. ராணுவத்தில் இருந்தவர் என்பதற்காக கிராண்டைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். ஒரு கம்பெனி (சிறு படைப்பிரிவு) வீரர்கள் சேர்ந்தார்கள், கேப்டனாக வியாபாரி அகஸ்டஸ் செட்லெயின் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிராண்ட் அந்தப் பதவியை ஏற்கவில்லை. ஆனால் பயிற்சி கொடுத்தார். காலாட்படைச் சீருடை எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் அவரிடம் கேட்டு, காசு திரட்டித் துணி வாங்கி, தையல்காரர்களை வைத்து வெட்டி, தாங்களே தைத்து முடித்தார்கள். சில நாட்களில் கம்பெனி ரயிலேறியது.

ஒன்பது ஜெனரல்கள் என்பது ஊரின் பெருமைப் பேச்சு. கிராண்ட், ராலின்ஸ், பார்க்கர், செட்லெயின், மால்ட்பி, ரவ்லி, டூயர், இரண்டு ஸ்மித்துகள். சிலருடையது கௌரவப் பதவி என்றாலும் கணக்கு சரிதான். ஆனால் மண்ணின் வீரம் என்று இதை விளக்கினால் சரியாகாது. ஜாஸ்பர் மால்ட்பி துப்பாக்கி செய்கிறவர், ஜான் ஈ. ஸ்மித் நகைக்கடைக்காரர், வில்லியம் ரவ்லி நீதிமன்ற எழுத்தர், ஜான் ராலின்ஸ் இளம் வழக்கறிஞர். காரணம் எலைஹு வாஷ்பர்ன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். லிங்கனுக்கு நெருக்கமானவர், தன் தொகுதிக்காரர்களுக்கு எது கிடைக்கும் என்று ஓயாமல் பார்த்தவர். கிராண்டை பிரிகேடியர் ஜெனரல் ஆக்கியதில் அவர் கை உண்டு. லெப்டினன்ட் ஜெனரல் பதவியை மீண்டும் உருவாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே, 1864இல் அந்தப் பதவி கிராண்டுக்குப் போனது. கிராண்டும் தனக்குத் தெரிந்த ஊர்க்காரர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டார். ராலின்ஸ் போர் முடியும்வரை அவருடைய வலது கை, 1869இல் போர்த்துறை அமைச்சர், அதே ஆண்டு செப்டம்பரில் காசநோயால் இறந்தார்.

இவ்வளவும் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் நடைபாலத்தில் கிழக்குக் கரைக்கு வாருங்கள். கிராண்ட் பூங்காவில் 1891இல் வைத்த சிலையில் அவர் குதிரையில் இல்லை, வாளும் ஏந்தவில்லை, ஊர்வாசியாக நிற்கிறார். அதைக் கொடுத்த சிகாகோ பத்திரிகை அதிபர் ஹெர்மன் கோல்சாட்தான், லீ சரணடைந்த காட்சியைக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்டைக் கொண்டு வரையச் சொல்லி, 9 அடிக்கு 12 அடி ஓவியமாக 1895இல் ஊருக்குத் தந்தவரும். அது வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. மூன்றாவது தெருவில் வாஷ்பர்ன் வீடு, கிரேக்க பாணித் தூண்களோடு. 1868 தேர்தல் முடிவுகளைத் தந்தியில் கேட்டபடி கிராண்ட் உட்கார்ந்திருந்தது இந்த வீட்டு நூலக அறையில்தான். இது எல்லா நாளும் திறந்திருக்காது, போகும் முன் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக பூத்திலியர் தெருவில் கிராண்ட் வீடு. 1860இல் வேறொருவருக்காகக் கட்டிய இத்தாலிய பாணிச் செங்கல் வீடு. ஊரின் குடியரசுக் கட்சிப் பணக்காரர்கள் 2,500 டாலருக்கு வாங்கி, 1865 ஆகஸ்ட் 18 அன்று கிராண்ட் வெற்றியோடு திரும்பியபோது கொடுத்தார்கள். தனக்கு ஒரு பதவி வேண்டுமென்றால் கலீனா மேயர் பதவிதான், ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடைபாதை போட்டுக்கொள்ளலாம் என்று போரின்போது அவர் சொன்னதாகப் பேச்சு. அவர் வருவதற்குள் ஊர்க்காரர்கள் நடைபாதையைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டின் பலம் அதன் பொருட்கள். 1904இல் கிராண்டின் பிள்ளைகள் வீட்டை ஊருக்குக் கொடுத்தார்கள், 1931இல் அது மாநில அரசிடம் வந்தது. தளவாடங்களில் பெரும்பகுதி குடும்பம் பயன்படுத்தியவையே. பிற ஜனாதிபதி வீடுகளில் "அந்தக் காலத்தைச் சேர்ந்த" நாற்காலி என்று எழுதியிருப்பதைப் பார்த்து அலுத்தவர்களுக்கு இது பெரிய விஷயம். சாப்பாட்டு அறையில் வெள்ளை மாளிகையிலிருந்து வந்த பீங்கான் தட்டுகளைத் தவறவிடாதீர்கள். பலவீனம், இந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலம் குறைவு. வாஷிங்டன் போய்விட்டார், எப்போதாவது வந்தார். இரண்டு வருட உலகப் பயணத்தை, அதில் 1879 தொடக்கத்தில் பம்பாயும் கல்கத்தாவும் உண்டு, முடித்துக்கொண்டு வந்தபின் சில மாதங்கள் தங்கினார். பிறகு நியூயார்க் போய்விட்டார். தோற்றுப்போய்த் தோல் கடைக்கு வந்த மனிதரைத் தேடி இங்கே வந்தால் கிடைக்க மாட்டார். அவர் ஹை தெருவில் இருக்கிறார். முதலில் அங்கே போகச் சொன்னது அதனால்தான்.

உள்ளே வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். மாடிக்குப் படிக்கட்டு. கட்டணத்துக்குப் பதில் நன்கொடை கேட்பார்கள், போடுங்கள், பராமரிப்புக்குப் போகிறது. திங்கள், செவ்வாய் பெரும்பாலும் மூடியிருக்கும். குளிர்காலத்தில் நேரம் இன்னும் சுருங்கும். அக்டோபர் வார இறுதிகளில் இலை நிறம் பார்க்க வரும் கூட்டம் ஊரையே அடைத்துவிடும், ஹோட்டல் வாடகையும் ஏறிவிடும். மே மாதமோ செப்டம்பர் தொடக்கமோ, புதன் அல்லது வியாழன், இதுதான் சரியான சமயம். டிராலி வண்டிச் சுற்றுலா நடக்க முடியாதவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நின்று பார்க்க வேண்டிய இடங்களை அது ஓடியபடியே கடந்துவிடும்.

சிகாகோ பக்கம் திரும்புகிறவர்கள் யூ.எஸ். 20இல் சுமார் 15 மைல் தள்ளி எலிசபெத் என்ற சிற்றூரில் ஆப்பிள் ரிவர் கோட்டையில் இறங்கலாம். 1832 ஜூன் 24 அன்று சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக்கின் வீரர்கள் தாக்கிய மரக்கோட்டை. ஆண்கள் சுட, பெண்கள் குண்டு வார்த்துத் துப்பாக்கிக்கு மருந்து நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குண்டுகளும் இந்த வட்டார ஈயமே. இப்போது நிற்பது அகழாய்வை வைத்து 1990களில் அதே முறையில் திரும்பக் கட்டியது. ஒரு மணி நேரம் போதும். ஆனால் மாலை சீக்கிரமே மூடிவிடுவார்கள், அதனால் அன்றே இதையும் பார்ப்பதானால் காலையில் வரும் வழியிலேயே முடித்துவிடுங்கள்.